கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறவர்களுக்கு

இரவு ஒன்றரை மணிக்கு மேல் மருத்துவ அறைக் கதவை யாராவது தட்டினால், திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், மூன்று பேர் நிற்கிறார்கள் என்று. நடுவில் ஒருவன், கால் தரையில் இழுபட. அவன் கைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் இரண்டு பேர். இழுத்து வந்ததில் ஒரு செருப்பு வழியில் எங்கோ விழுந்திருக்கும். "ஃபுட் பாய்சன் போல இருக்கு சிஸ்டர்" என்பான் இடது பக்கம் நிற்பவன். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே வாசனை உள்ளே வந்திருக்கும்.

16 வருடமாகப் பல்கலைக்கழக மருத்துவ அறைகளில் இரவு நர்ஸாக இருக்கிறேன். நடுவில் தொங்குகிறவனோடு அந்த நேரத்தில் பேசிப் பயனில்லை. நான் பேசுவதெல்லாம் பக்கத்தில் நிற்பவர்களோடுதான். குடிக்காதே என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்த வேலையை அவர்களே பார்க்கட்டும். நீங்கள் அந்த இடது பக்கம் நிற்கிறவர் என்று வைத்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். வசதிக்காக 'அவன்' என்றே எழுதிப் போகிறேன். பெண்களும் வருகிறார்கள். ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் மது கூடுதலாக ஏறும், ஏனென்றால் பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு. "நாங்க ரெண்டு பேரும் ஒரே அளவுதானே குடிச்சோம்" என்ற கணக்கு அதனால்தான் உதைக்கும்.

தூக்கமா, நினைவு தப்பியதா

"மட்டையாயிட்டான், தெளியட்டும் விடு." இந்த வேலையில் நான் கேட்டதிலேயே பயமுறுத்தும் பேச்சு இதுதான். தூக்கமும் மயக்கமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். காதருகே குனிந்து பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். தோளைக் குலுக்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கையை முஷ்டியாக்கி, விரல் முட்டிகளால் அவன் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தித் தேயுங்கள். வலிக்கும். வலிக்கத்தான் வேண்டும். தூங்குகிறவன் உங்கள் கையைத் தட்டிவிடுவான், கெட்ட வார்த்தையில் திட்டுவான். திட்டினால் சந்தோஷப்படுங்கள். எதுவுமே செய்யாமல் கிடந்தால் அது தூக்கமில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய நேரம்.

அடுத்து மூச்சு. ஃபோனில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வயிறும் நெஞ்சும் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். 8-க்குக் கீழே போனாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ காத்திருக்கக் கூடாது. ஒரு பையன் ஒரு தடவை அறையிலிருந்தே எனக்கு ஃபோன் செய்தான். பதற்றத்தில் அவன் குரல் கம்மிப்போயிருந்தது. ஆனாலும் "எண்ணிட்டேன் சிஸ்டர், ஆறு வருது" என்றான். அந்த ஒரு எண்ணைக் கேட்டதும் நான் அவன் அறைக்குப் போகவில்லை, நேரே ஆம்புலன்ஸுக்குத்தான் அடித்தேன். "ஒரு மாதிரியா இருக்கான்" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருப்பேன். அதில் பத்து நிமிடம் போயிருக்கும்.

உதடு, ஈறு, நகக்கண் மூன்றும் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று ஃபோன் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் கறுத்தவர்களுக்கு முகத்தில் நீலம் தெரியாது, உதட்டைப் பிரித்து உள்பக்கம்தான் பார்க்க வேண்டும். உடம்பு சில்லென்று இருந்தால், வலிப்பு வந்தால், கண் திறக்காமலேயே வாந்தி எடுத்தால், இவற்றில் ஏதாவது ஒன்றே போதும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மூச்சே இல்லை, அல்லது எப்போதாவது ஒரு தடவை மீன் போல வாயைத் திறந்து மூடுகிறான் என்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸ் எண்ணில் பேசுகிறவர்களிடமே கேளுங்கள், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர்கள் சொல்லச் சொல்லச் செய்யலாம்.

இன்னொன்று, நிறையப் பேருக்குத் தெரியாதது. குடிப்பதை நிறுத்திய பிறகும் போதை ஏறிக்கொண்டே இருக்கும். கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போய் உச்சம் தொடுவதற்கு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். பந்தயம் கட்டி ராவாக நாலு பெக்கை மடமடவென்று இறக்கியவன் 12 மணிக்குத் தன் காலில் நடந்து வந்து படுத்திருப்பான். "நல்லாத்தான் நடந்து வந்தான் சிஸ்டர்" என்பார்கள். 1 மணிக்குத்தான் அவனுக்கு மோசமாகும்.

இறங்குவதோ மெதுவாகத்தான். 40 சதவீத மதுவில் ஒரு பெக், அதாவது 30 மில்லி எடுத்தால், அதற்குள் கிட்டத்தட்ட 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ அவ்வளவைத்தான் கரைக்கும். எட்டு பெக் போட்டவனுக்கு முழு இரவும் தேவை. காலை எட்டு மணி வகுப்புக்கு பைக்கை எடுக்கும்போதும் உடம்பில் மிச்சம் இருக்கலாம். பீர்தானே என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு: 5 சதவீதமுள்ள 650 மில்லி பாட்டில் ஒன்றில் 25 கிராம். இரண்டரை பெக். காபி கொடுத்தால் தூங்காத குடிகாரன் கிடைப்பான், அவ்வளவுதான், ரத்தத்தில் ஒரு சொட்டும் குறையாது. எனர்ஜி டிரிங்க் கலந்து குடிப்பதும் அப்படித்தான், போதை தெரியாததால் இன்னும் இரண்டு ரவுண்டு கூடும். தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதை தயவுசெய்து விடுங்கள். மது தோல் அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை ஏற்கெனவே வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் மேல் தண்ணீரும் சேர்ந்தால் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்துவிடுவான். குளியலறையில் வழுக்கி மண்டையை உடைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நான் தையல் போட உதவியிருக்கிறேன்.

விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பதும் வேண்டாம். தொண்டையில் ஏதாவது போனால் இருமித் தள்ளும் அனிச்சை போதையில் மழுங்கியிருக்கும். வாந்தி நேரே நுரையீரலுக்குப் போகும்.

பை முதுகில், முகம் பக்கவாட்டில்

கூப்பிட்டால் முனகுகிறான், மூச்சு ஒழுங்காக இருக்கிறது என்றால் அவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. நான் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டும்போது ஒருவனைத் தரையில் படுக்கச் சொல்வேன். நீங்களும் இன்று பகலில் ரூம்மேட்டை வைத்து ஒரு தடவை செய்து பாருங்கள்.

அவன் பக்கத்தில் முட்டி போட்டு உட்காருங்கள். உங்கள் பக்கம் இருக்கும் அவன் கையை, உடம்புக்குச் செங்குத்தாக நீட்டி, முழங்கையைத் தலைப்பக்கமாக மடக்கி, உள்ளங்கை கூரையைப் பார்க்க வையுங்கள். அந்தப் பக்கத்துக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை அவன் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்னொரு கையால், தள்ளி இருக்கும் முழங்காலை மடக்கிப் பாதம் தரையில் ஊன்ற நிறுத்துங்கள். இப்போது அந்த முழங்காலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் போதும், எவ்வளவு கனமானவனும் உருண்டு வருவான். முழங்கால்தான் நெம்புகோல். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண் தன்னைவிட இரண்டு மடங்கு பருமனான தோழியை இப்படிப் புரட்டியதைப் பார்த்திருக்கிறேன். புரட்டியதும் மேல் காலைத் தொண்ணூறு பாகையில் மடக்கி முன்னால் விடுங்கள், திரும்பவும் மல்லாக்க விழாமல் அது தாங்கும். தாடையை லேசாக மேலே தூக்குங்கள். வாய் தரையைப் பார்க்க வேண்டும், வாந்தி வந்தால் தானாக வெளியே வடிகிற மாதிரி.

புத்தகப் பையை முதுகுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கலாம். முதுகில் மாட்டியும் விடலாம், புரண்டாலும் பை தடுக்கும். ஆனால் பை இருக்கிறதே என்று நீங்கள் போய்த் தூங்கிவிடக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள். எண்ணியதை நேரத்தோடு எழுதி வையுங்கள். 12, 11, 9 என்று இறங்குகிறதா என்பது அந்தக் குறிப்பில்தான் தெரியும்.

தலையில் அடிபட்டிருந்தால், படியில் உருண்டிருந்தால், போதையா மண்டைக்குள் ரத்தக் கசிவா என்று என்னாலேயே சொல்ல முடியாது. ஸ்கேன் எடுக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவன் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் மற்றவர்களுக்கும் சர்க்கரை இறங்கலாம், பார்ப்பதற்கு அதுவும் போதை மாதிரியே இருக்கும். விரலில் ஒரு குத்துக் குத்தினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும், ஆனால் அதற்கு நீங்கள் கதவைத் தட்ட வேண்டும்.

கதவைத் தட்டுவதில்தான் பிரச்சினையே. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஹாஸ்டலில் குடித்து மாட்டினால் ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷன் என்ற விதி இருந்தது. கூட இருந்த நான்கு பேரும் இரண்டு மணி நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு அவன் தெளியட்டும் என்று காத்திருந்தார்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகி 11 நாள் ஐசியூவில் கிடந்தான். பிழைத்தான். அந்த நான்கு பேரின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விதியை எழுதியவர்கள்மேல் இன்றும் உண்டு. இப்போது பல பல்கலைக்கழகங்களில், உயிருக்கு ஆபத்து என்று உதவி கேட்டவர்மேலும் உதவி பெற்றவர்மேலும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று விதியே வைத்திருக்கிறார்கள். உங்கள் இடத்தில் இருக்கிறதா என்பதைப் பகலில், நிதானமாக இருக்கும்போது தேடிப் படித்து வையுங்கள். இல்லாவிட்டாலும் தட்டுங்கள்.

வேறு ஏதாவது கலந்திருந்தால்

என்னிடம் வந்து பொய் சொல்வதாக இருந்தால் எதில் வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் வாங்கினார்கள், எங்கே குடித்தீர்கள், எனக்குத் தேவையில்லை. என்ன உள்ளே போயிருக்கிறது என்பதில் மட்டும் பொய் வேண்டாம். மாத்திரை அட்டை கிடந்தால் அப்படியே எடுத்து வாருங்கள். எத்தனை காலி என்று எண்ணிக்கொள்ளலாம்.

அல்பிரசோலம், டயசெபம் போன்ற பதற்ற மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், டிரமடால், கோடீன், மார்ஃபின் வகை வலி மருந்துகள், இவை ஒவ்வொன்றும் மூச்சை மெதுவாக்கும். மதுவும் மெதுவாக்கும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகத் தாங்கக்கூடிய அளவிலேயே மூச்சு நின்றுபோகலாம். "ரெண்டு பெக்தான் குடிச்சான் சிஸ்டர்" என்று சத்தியம் செய்வார்கள். உண்மையாகவே இரண்டு பெக்தான் குடித்திருப்பான். சாயங்காலம் போட்ட மாத்திரையைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது. டிரமடாலுக்கு வலிப்பையும் வரவழைக்கும் குணம் உண்டு.

கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, மூச்சும் மந்தமாகி, எழுப்பினால் எழாமல் இருந்தால் அது மார்ஃபின், ஹெராயின் குடும்பத்தின் அடையாளம். அதற்கு நலோக்சோன் என்று ஒரு மாற்று மருந்து உண்டு, ஊசியாகவும் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும். சில நிமிடத்திலேயே ஆள் எழுந்து உட்காருவான். எழுந்துவிட்டானே என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நலோக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும், உள்ளே போன பொருள் அதைவிட நீளமாக நிற்கலாம், மறுபடி மூழ்குவான். மதுவுக்கும் அல்பிரசோலத்துக்கும் இது வேலை செய்யாது. ஆனால் எது போனது என்று தெரியாத நிலையில் கொடுத்துவிட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை.

எக்ஸ்டசி, மெத் மாதிரி உடம்பை முடுக்கிவிடும் போதைப் பொருள்கள் நேர்மாறு. உடம்பு கொதிக்கும், தாடை இறுகும், ஓர் இடத்தில் நிற்கமாட்டான். நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தால் சூடு இன்னும் ஏறும். கூட்டத்திலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து ஈரத்துணி போடுங்கள், உதவிக்குச் சொல்லி அனுப்புங்கள். எக்ஸ்டசி போட்டவனுக்குத் தண்ணீரை லிட்டர் கணக்கில் புகட்ட வேண்டாம், ரத்தத்தில் உப்புக் குறைந்து மூளை வீங்கியவர்கள் உண்டு.

கஞ்சாவைப் புகைத்தால் சில நிமிடத்தில் தெரியும். சாப்பிடுகிற பொருளில் கலந்திருந்தால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். "ஒண்ணுமே ஏறலையே" என்று இன்னொரு துண்டை வாயில் போடுகிறவர்கள்தான் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சாகப்போகிறேன் என்று அழுதபடி வருவார்கள். விளக்கைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இது இறங்கிடும், நான் இங்கதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதுதான் பெரும்பாலும் வைத்தியம். ஆனால் போதை இறங்கி மறுநாளும் அதற்கடுத்த நாளும் யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்றால் மனநல மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் இந்த ஆபத்து கூடுதல்.

கள்ளத்தனமாகக் காய்ச்சிய மதுவில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் இருந்தால் அன்று இரவு ஒன்றும் தெரியாது. போதை தெளிந்து, அடுத்த நாள்தான் வயிற்று வலி, மேல்மூச்சு, கண் மங்கல் வரும். பனிக்குள் நிற்கிற மாதிரி எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்பார்கள். ஹேங்ஓவர் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் பார்வை போகும், உயிரும் போகும். பார்வை மங்கலாக இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அதே பாட்டிலில் குடித்த மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு.

வலிப்பு வந்தால் கையையோ காலையோ அமுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

மறுநாள்

அன்று இரவே புத்தி சொல்வது சுவரோடு பேசுவது மாதிரி. மறுநாள் காலையிலும் வேண்டாம், தலை வெடிக்கிற வலியில் இருப்பான். சாயங்காலம், தனியாக. நண்பர் வட்டம் முழுவதும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து விசாரணை நடத்தினால் அவன் சிரித்து மழுப்பிவிடுவான்.

அவனுக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம் என்பதை முதலில் மனதில் வையுங்கள். நடந்திருப்பான், பேசியிருப்பான், பாட்டுப் பாடியிருப்பான், ஆனால் மூளை அதைப் பதிவே செய்திருக்காது. மறந்துபோகவில்லை, எழுதப்படவே இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வராது. அந்த நேரத்தில் எடுத்த வீடியோ உங்களிடம் இருந்தால் குரூப்பில் போடாதீர்கள், அழித்துவிடுங்கள். அந்த நிலையில் இருக்கிற ஒருவர் எதற்கும் சம்மதம் சொல்ல முடியாது என்பதும் இதனால்தான். தோழியை யாரோ "நான் ரூமில் விட்டுடறேன்" என்று கூட்டிப்போகக் கேட்டால், நீங்களும் கூடவே போங்கள்.

பேசும்போது பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரு தடவை இரண்டு பேர் என் அறையிலேயே பேசிக்கொண்டார்கள், நான் மருந்து அலமாரியை அடுக்குகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நேத்து என்னடா பண்ணேன்?"

"ரெண்டு மணிக்கு உன்னை எழுப்பினேன், எழுந்திருக்கலை. உன் மூச்சை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உங்க அம்மா நம்பரை எடுத்து வெச்சுக்கிட்டேன். எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ குடிகாரனாயிட்டு வர்ற", "உன்னைத் திருத்தவே முடியாது" என்றெல்லாம் அவன் ஆரம்பித்திருந்தால் பதிலுக்கு ஒரு வாதம் வந்திருக்கும், வாதத்தில் குடித்தவன்தான் ஜெயித்திருப்பான். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-ல் முன்வைத்த பேச்சு முறையின் சாரமும் ஏறத்தாழ இதுதான்: மாற வேண்டிய காரணத்தை நாம் அடுக்க அடுக்க, எதிராளி மாறாமல் இருப்பதற்கான காரணத்தை அடுக்குவான். அவன் வாயால் அவன் காரணம் வரட்டும். "இதுல உனக்குப் பிடிக்காதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நாம் மூடுவதுதான் கஷ்டம்.

"எல்லாரும்தான் குடிக்கிறாங்க" என்று நிச்சயம் சொல்வான். 1986-லேயே வெஸ்லி பெர்க்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். சக மாணவர்கள் குடிப்பதை உள்ளதைவிட அதிகமாகவே மாணவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் எளிது. இரவு 12 மணிக்கு வராந்தாவில் சத்தம் போடுகிறவன் எல்லார் கண்ணிலும் படுவான், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்கள் யார் கண்ணிலும் படமாட்டார்கள்.

எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, மனநல மருத்துவர் ஜான் யூயிங் 1984-ல் வெளியிட்ட நான்கு கேள்விகள் உண்டு. குறைக்கணும் என்று எப்போதாவது நினைத்தாயா? யாராவது உன் குடியைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறதா? குற்ற உணர்ச்சி வந்திருக்கிறதா? காலையில் எழுந்ததும் நிதானத்துக்காகக் குடித்திருக்கிறாயா? இரண்டுக்கு ஆமாம் என்றால் விஷயம் பெரிது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவம் ஒன்றும் இருக்கிறது, ஆடிட் என்று பெயர், 40-க்கு 8 வந்தாலே கவனிக்கச் சொல்கிறது. இந்தக் கேள்விகளை நீங்கள் அவனிடம் வாத்தியார் மாதிரி கேட்காதீர்கள். முதலில் உங்களுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள், அப்புறம் ஃபோனை அவனிடம் நீட்டுங்கள்.

குறைக்கிறேன் என்று அவனே சொன்னால்

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதி மட்டும் வைக்கட்டும். எந்த நாள், எத்தனை மணி, யாரோடு, எவ்வளவு, அதற்கு முன் என்ன நடந்தது. அளவை மூடியிலோ டம்ளரிலோ குத்துமதிப்பாக ஊற்றாமல் அளந்து ஊற்ற வேண்டும், கைக்குத் தாராளம் அதிகம். ஒரு பெண் இப்படி எழுதியதைக் கொண்டுவந்து காட்டினாள். பதினான்கு நாளில் ஆறு நாள் குடித்திருந்தாள், ஆறும் அவள் ஆய்வு வழிகாட்டியைச் சந்தித்த நாள். அதுவரை அவளுக்கே தெரியவில்லை.

காரணம் தெரிந்தால் அந்த மணி நேரத்தில் வேறு எங்காவது இருக்க ஏற்பாடு செய்யலாம், நீங்களும் கூட இருக்கலாம். வேட்கை என்பது அலை மாதிரி என்று சொன்னவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லட். எழும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். அந்த அரை மணிக்கு ஒரு நடை, ஒரு குளியல், ஒரு ஃபோன்.

தூக்கம் வருவதில்லை என்று குடிக்கிறவர்கள் நிறைய. மது சீக்கிரம் தூங்கவைக்கும், ஆனால் பின்னிரவில் எழுப்பிவிடும், கனவு காண்கிற தூக்கத்தைத் திருடும். தேர்வுக்கு விழித்திருக்க மெத்தில்ஃபெனிடேட் மாதிரி மாத்திரையை யாரிடமோ வாங்கிப் போடுகிறவர்களும் இதே வலையில்தான். இரவு விழிக்க ஒரு மாத்திரை, விடிந்து தூங்க இன்னொன்று. படித்தது மனதில் தங்குவது தூக்கத்தில்தான், அதை விற்றுப் படிக்கிறார்கள்.

நீங்கள் செய்யக் கூடாதது இரண்டு. கைமாற்று கொடுக்காதீர்கள். அப்புறம், வகுப்பில் ப்ராக்ஸி சொல்லாதீர்கள். நட்புக்காகச் செய்கிறோம் என்றுதான் நினைப்போம். ஆனால் அவன் வராமல் போனது யாருக்கும் தெரியாமல் ஒரு செமஸ்டர் ஓடிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கிறவன், காலையில் கை நடுங்குகிறவன், திடீரென்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நல்ல எண்ணத்தில் நண்பர்கள் அறையில் வைத்துப் பூட்டியதுகூட நடந்திருக்கிறது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள், இல்லாத பூச்சிகளைக் கையால் தட்டிவிட ஆரம்பிப்பான், ஆள் அடையாளம் குழம்பும், இதில் உயிர் போகலாம். அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நிறுத்திய ஒரு பையனுக்குத் திங்கள்கிழமை சாயங்காலம் ஆய்வகத்தில் வலிப்பு வந்தது. அவன் வைராக்கியத்தில் ஒரு குறையும் இல்லை, மருத்துவர்தான் கூட இல்லை. நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுத்து மருத்துவமனையில் நிறுத்துவது ஒரு வார வேலை. அதற்கப்புறம் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அல்பிரசோலம் பழகியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அதையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

உங்களுக்கு

மூன்றாவது தடவையாக ஒரே ஆளைத் தூக்கி வந்த பையன் ஒருவன், அவனைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். இன்டர்னல் தேர்வு அன்று காலை. "நான் இல்லாட்டி இவன் செத்துடுவான் சிஸ்டர்" என்றான். அப்படி ஒரு பாரத்தைப் பத்தொன்பது வயதில் யாரும் தனியாகச் சுமக்க முடியாது. ஒரு இரவுக்கு இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள். வார்டனோ, ஆலோசகரோ, அவன் அக்காவோ, வயதில் மூத்த ஒருவருக்காவது தெரியட்டும். அவனிடம் சொல்லிவிட்டே சொல்லுங்கள், "நான் உங்க அக்காகிட்ட பேசப் போறேன்" என்று. குடிக்கிறவர்களுக்கு 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போல, அவர்களோடு வாழ்கிறவர்களுக்கு என்றே 1951-ல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. குடிக்காதவர்கள் உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. அறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் மாற்றிக்கொள்ளுங்கள். அது துரோகம் இல்லை.

அந்தப் பையனை அன்று நான் போகச் சொன்னேன். அவன் போகவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான், பேனாவில் எழுதி வியர்வையில் கலைந்திருந்தது. 1:10 – 12. 1:25 – 12. 1:40 – 11. சீட்டை வாங்கி நோயாளிக் குறிப்பேட்டில் பின் செய்தேன். அடுத்த வரியில் 1:55 என்று எழுதிவிட்டு எண்ண ஆரம்பித்தேன். "நீ போய்ப் படு தம்பி, இதை இனிமே நான் எழுதறேன்" என்றேன். அப்புறம்தான் எழுந்து போனான்.